சின்ன ர, பெரிய ற

“இல்ல மேடம், சர்க்கரை சரியா இருக்கு. டீ நல்லாவே இருக்கு. ஒண்ணே ஒண்ணு சொல்லட்டுமா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ஸ்கிரீன் ஓரத்துல ஒட்டியிருக்கிற மஞ்சள் சீட்டை மட்டும் எடுத்துடுங்க. நான் படிக்கல. ஆனா இந்த நாற்காலியில உக்காந்துட்டு அதைப் படிக்காம இருக்கிறதுதான் கஷ்டம்.”

நீங்கள் சிரித்தீர்கள். சீட்டைப் பிய்த்து மேசை இழுப்பறைக்குள் போட்டீர்கள். பாஸ்வேர்டுக்கு அதுவும் சரியான இடம் இல்லை. ஆனால் அதைப் பற்றிப் பேச நான் இன்று வரவில்லை.

என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். வாசலில் இருந்த காவலர் என் தோள்பையைப் பார்த்துவிட்டு, பிரிண்டர் பழுது பார்க்க வந்தவன் என்று நினைத்து நேராக உள்ளே அனுப்பிவிட்டார். யார், என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிரிண்டரைச் சரிசெய்துவிட்டுத்தான் உங்கள் அறைக்கு வந்தேன். காகிதம் சிக்கியிருந்தது, வேறொன்றுமில்லை. ஒரு காவல் நிலையத்துக்குள் இவ்வளவு சுலபமாக நடந்து வர முடியும் என்பதை நீங்கள் ஒருநாள் நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும்.

நான் வந்தது, பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பற்றிச் சொல்ல. வரும் வழியில் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வலது கையில் கட்டுப் போட்டிருந்தது. அவரும் என்னைப் பார்த்தார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் எங்கள் ஆஸ்பத்திரியின் மருந்தறைப் பொறுப்பாளர். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் அக்காதான். வெளிநாட்டுக் கும்பல் ஒன்று எங்கள் கணினிகளை முடக்கியது, அதற்கு அக்கா உள்ளேயிருந்து உதவினார், அந்தக் குழப்பத்தில் மருந்து அலமாரியை உடைத்துப் போதை தரும் மருந்துகளை எடுத்தார், இதற்கிடையில் கவனிப்பாரில்லாமல் ஒரு நோயாளி இறந்தார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். தொழில்நுட்பச் செய்தித் தளங்களும் அப்படித்தான் எழுதுகின்றன.

அக்கா எதையும் திருடவில்லை மேடம். வெளிநாட்டுக் கும்பல் என்று ஒன்று இல்லவும் இல்லை. அன்று நடந்தது முழுக்க என் வேலை. வேலை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு எழுத்தைத் திருத்தினேன்.

ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் புரியும்.

ஆஸ்பத்திரியில் எனக்கு ஒத்திகை சார் என்று பெயர். என் அறை லிஃப்டுக்கும் சலவை அறைக்கும் நடுவே இருக்கிறது. சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும், சாய்ந்து உட்கார்ந்தால் தூக்கம் வரும். அங்கே உட்கார்ந்துகொண்டு நான் ஊழியர்களுக்குப் பொய்க் கடிதங்கள் அனுப்புவேன். திருடர்கள் அனுப்புவது போலவே இருக்கும். உங்கள் கணக்கு முடங்கப் போகிறது, இங்கே சொடுக்குங்கள், பாஸ்வேர்டைக் கொடுங்கள் என்று கேட்கும். யார் ஏமாறுகிறார்கள் என்று பார்ப்பேன். ஏமாந்தவருக்குப் பாடம் சொல்லித் தருவேன். இதுதான் ஒத்திகை. உண்மையான திருடன் வரும்போது அவர்கள் ஏமாறக் கூடாது என்பதற்காக. “நம்ம ஆஸ்பத்திரியில அதிகாரபூர்வமா ஏமாத்துறவர் நீங்க ஒருத்தர்தான் சார்” என்பார் அக்கா.

வாரந்தோறும் எல்லோருக்கும் ‘அன்றும் இன்றும்’ என்று ஒரு மடலும் எழுதுவேன். அந்த வாரத்துத் தொழில்நுட்பச் செய்தி ஒன்றை எடுத்து, அதைப் போலவே முன்பு நடந்த ஒன்றை அதன் பக்கத்தில் வைப்பேன். நான் அதிகம் கதைகள் படிப்பவன், வேறு மொழிகளிலிருந்து வந்தவை. தெரியாத ஊர், தெரியாத தெரு, ஆனால் மனிதன் தெரிந்தவனாகவே இருப்பான். கணினித் திருட்டும் அப்படித்தான். இயந்திரம் மாறுகிறது, ஏமாறும் மனசு மாறுவதில்லை. என்னைக் கேட்டால், பழைய சம்பவங்களைக் கதை படிப்பது போலப் படித்தாலே போதும், பாதித் திருட்டு நின்றுவிடும்.

மடலை யாரும் படிக்கவில்லை. வராந்தாவில் எதிரே வந்தால், “சூப்பர் சார்” என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவார்கள். அக்கா ஒருவர்தான் வரி விடாமல் படிப்பார், பதிலும் போடுவார். காதல் கடிதம் போல வேடம் போட்டு உலகமெங்கும் பரவிய பழைய வைரஸைப் பற்றி ஒருமுறை எழுதியிருந்தேன். “எனக்கு வந்திருந்தா நானும் திறந்திருப்பேன் சார். வீட்டுக்காரர் இத்தனை வருஷம் கழிச்சு வாயைத் திறந்துட்டாரேன்னு” என்று பதில் வந்தது.

எனக்கு மிகவும் பிடித்த பழைய கதை ஒரு மாணவனுடையது. இணையம் குழந்தையாக இருந்த காலம். அதில் எத்தனை கணினிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க ஆசைப்பட்டதாகத்தான் அவனைப் பற்றிச் சொல்வார்கள். ஒரு சின்ன நிரல் எழுதி அனுப்பினான். அது ஒவ்வொரு கணினியாக நுழைந்து, தன்னைத் தானே பெருக்கிக்கொண்டு, எல்லாவற்றையும் மூச்சுத் திணற வைத்துவிட்டது. பதறிப்போய், நண்பன் மூலமாக மன்னிப்பும் நிறுத்தும் வழியும் சொல்லி ஒரு செய்தி அனுப்பினான். வலை முழுக்க அடைத்துக் கிடந்ததால் அந்தச் செய்தி நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. இதைப் படித்த அன்று நான் வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு அழகான சோகம்.

அதற்கும் அக்கா பதில் போட்டார். “எண்ணிப் பாக்கத்தான் நினைச்சான்னு எழுதியிருக்கீங்க. எண்ணிப் பாக்கிறவன் வாசல்ல நின்னு குரல் கொடுத்தா போதாதா சார்? எதுக்கு வீட்டுக்குள்ள வரணும்?”

கூர்மையான கேள்வி. அதற்கு மட்டும் நான் பதில் எழுதவில்லை.

இப்போது எழுத்துக்கு வருகிறேன். ஒத்திகைக் கடிதத்தில் ஒரு பிழையை வேண்டுமென்றே விட்டு வைப்போம். கவனமாகப் படிப்பவர்கள் பிடித்துக்கொள்ள ஒரு பிடி வேண்டும், இல்லாவிட்டால் அது ஒத்திகை ஆகாது, துரோகம் ஆகிவிடும். என் பிழை எப்போதும் தலைப்பில் இருக்கும். அவசரம் என்று எழுத வேண்டிய இடத்தில் பெரிய ற போட்டு அவசறம் என்று எழுதுவேன். முதல் தடவை அது உண்மையிலேயே கை தவறி வந்த பிழை. யாரோ சுட்டிக்காட்டியபோது வேண்டுமென்றே செய்தேன் என்று சொல்லிவிட்டேன். பிறகு அதுவே என் முத்திரை ஆகிவிட்டது.

அந்த வார்த்தை ஆஸ்பத்திரியில் எப்படிப் பரவியது தெரியுமா. லிஃப்டில் யாராவது முண்டியடித்தால், “என்ன, பெரிய ற அவசரமா?” என்பார்கள். கேன்டீனில் வரிசை தாண்டி வருபவரிடம் கல்லாவில் இருப்பவர், “எந்த ர சார்?” என்று கேட்பார். சின்ன ர என்றால் உயிர் போகிற விஷயம், பெரிய ற என்றால் சும்மா. என் வேலை ஊழியர்களின் வாய்க்குள்ளேயே போய்விட்டது என்று எனக்கு ரொம்பப் பெருமை.

ஒத்திகையில் ஏமாந்தவருக்குத் தண்டனை ஒன்று வைத்திருந்தேன். கணக்கு உடனே பூட்டிக்கொள்ளும். திரையில் என் வீடியோ ஓடும், நானே பேசியது, பழைய சம்பவங்களை வைத்து. தாண்டிப் போக முடியாது. நடுநடுவே கேள்வி வரும், தப்பாகச் சொன்னால் அந்தப் பகுதி மறுபடியும் ஓடும். முழுதும் பார்த்து முடித்தால்தான் கணக்கு திறக்கும். மாட்டிக்கொண்டவர்கள் எனக்குப் போன் செய்து கெஞ்சுவார்கள். “சார், அவசரம், திறந்து விடுங்க சார்.” நான் கேட்பேன், “சின்ன ரவா, பெரிய றவா?” அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கும். “பெரிய றதான், விடுங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள். எங்களுக்குள் அது ஒரு விளையாட்டு.

கணக்கு என்றால் கடிதம் படிக்க மட்டும் இல்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு. நோயாளியின் குறிப்பைப் பார்க்க அதுதான், மருத்துவர் மருந்து எழுத அதுதான். மருந்தறையில் இருக்கும் மின்பூட்டு அலமாரியும் பிற்பாடு அதில் சேர்ந்தது. பல சாவி இருந்தால் பல ஓட்டை என்று எடுத்துச் சொல்லி அதைச் சேர்க்க வைத்தது நான்தான். நியாயமான யோசனைதான், கேட்ட எல்லோரும் தலையாட்டினார்கள்.

கொஞ்ச காலத்தில் ஏமாறுபவர்களே இல்லாமல் போனார்கள். அடிக்கடி மாட்டிக்கொண்டிருந்த மேலாளர்கூடத் தேறிவிட்டார். எங்களுக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் வந்தது. மேலாளர் அதைச் சட்டம் போட்டு லிஃப்ட் பக்கம் மாட்டி, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். என்னையும் கூப்பிட்டார். படத்தில் என் தோள் மட்டும் இருக்கிறது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த டிரைவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இன்னமும் அப்படியே போயிருக்கும்.

அவர் நெடுந்தூரப் பேருந்து ஓட்டியவர். திடீர் திடீரென்று வலிப்பு வருகிறது என்று சேர்த்திருந்தார்கள். ஜன்னலோரப் படுக்கை அவருடையது. மறுபடியும் வண்டி ஓட்ட விடமாட்டார்களோ என்ற கவலை அவருக்கு. அதை மறைக்க எல்லோரையும் சீண்டிக்கொண்டே இருப்பார். அக்காவுக்கு அவர் மேல் தனிப் பிரியம். ஒருநாள் அந்த வார்டில் கணினியின் மவுஸை மாற்றப் போயிருந்தேன். அக்கா மாத்திரை கொடுத்துக்கொண்டே, “அண்ணே, நான் சொல்வேனே, இவர்தான் எங்க ஒத்திகை சார்” என்றார்.

“ஓ, பெரிய ற சாரா. வாங்க வாங்க” என்றார் டிரைவர். “எனக்கு ஒரு சந்தேகம் சார். எழுத்துப் பிழை இருந்தா திருட்டுக் கடிதம், இல்லாட்டி நல்ல கடிதம். அப்படித்தானே?”

“கிட்டத்தட்ட அப்படித்தான்.”

“அப்ப திருடன் ஒழுங்கா பள்ளிக்கூடம் போனவனா இருந்தா என்ன பண்ணுவீங்க?”

அக்கா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த மாத்திரைக் கிண்ணம் குலுங்கியது. “நல்லா கேளுங்க அண்ணே. இத்தனை நாளா எங்களுக்குத் தோணல பாருங்க.”

நானும் சிரித்தேன். மவுஸை மாற்றிவிட்டு வந்து, வெதுவெதுப்பான சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அன்று தூக்கம் வரவில்லை. அவர் சொன்னது சரி மேடம். இந்த மனிதர்கள் பாதுகாப்பைக் கற்றுக்கொள்ளவே இல்லை. என் எழுத்துப் பிழையைக் கற்றுக்கொண்டிருந்தார்கள். பெரிய ற இருக்கிறதா என்று பார்ப்பார்கள், இல்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டு சொடுக்குவார்கள். சுவரில் தொங்கிய சான்றிதழ் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பது போல் இருந்தது. உண்மை நிலவரம் என்ன என்று அளந்து பார்க்க எனக்கு ஒரு வழிதான் இருந்தது.

திருத்தினேன். அவசறத்தை அவசரம் ஆக்கினேன்.

மேலாளரிடம் சொல்லவில்லை. அவரிடம் சொன்னால் அவர் எல்லோரையும் பார்த்துக் கண் சிமிட்டிக்கொண்டே திரிவார், அளவு கெட்டுவிடும். நோயாளிகளுக்குத் தொந்தரவு வரக் கூடாது என்பதையும் யோசித்தேன். அதனால்தான் மருத்துவர்கள் காலைச் சுற்றை முடித்துவிட்டு, வார்டுகள் கொஞ்சம் ஓய்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து அனுப்பினேன். மருந்துகளின் அளவு அட்டவணை இன்று முதல் மாறுகிறது, உடனே உள்ளே நுழைந்து பார்த்து உறுதி செய்யவும். கடிதம் அவ்வளவுதான். பொறுப்பானவர்களின் மனதைத் தொட வேண்டும் என்று வார்த்தைகளைப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் எழுத்தாளனுக்குரிய திருப்தி இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

முதலில் மாட்டியது அக்கா. மருந்து என்ற வார்த்தையைப் பார்த்ததும் ஓடி வந்திருக்கிறார். அடுத்து மருத்துவர்கள், அடுத்து நர்ஸுகள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்க்கும் ஆட்கள் எல்லோரும் வரிசையாக விழுந்தார்கள். கடிதத்தைத் திறந்தே பார்க்காத சோம்பேறிகள் தப்பித்தார்கள். என் மதிப்பெண் முறைப்படி அன்று அவர்கள்தான் சிறந்த ஊழியர்கள். இதை நினைத்து நீங்கள் சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை.

என் திரையில் ஆஸ்பத்திரியின் வரைபடம் இருக்கும். பூட்டிய கணக்குகள் மங்கிப்போகும். வார்டு வார்டாக, மாடி மாடியாக மங்கிக்கொண்டே வந்தது. மலை மேலிருந்து பார்த்தால் ஒரு ஊர் ஒவ்வொரு விளக்காக அணைத்துவிட்டுத் தூங்கப் போவது தெரியுமே, அப்படி. எல்லா அறைகளிலும் ஒரே நேரத்தில் என் வீடியோ ஓட ஆரம்பித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சலவை அறைக் கணினியிலிருந்தும் என் குரல் வந்தது, அந்த மாணவனின் கதையைச் சொல்லிக்கொண்டு. நான் எழுதிய எதையும் யாரும் படித்ததில்லை. அன்று எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து கேட்டார்கள். அப்படி ஒரு காலை எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

போன் அடித்தது. அக்கா.

“சார், அவசரம், திறந்து விடுங்க.”

“சின்ன ரவா அக்கா, பெரிய றவா?” என்றேன்.

நீங்கள் அப்படிப் பார்க்க வேண்டாம். அது நாங்கள் எப்போதும் பேசிக்கொள்வது. தமிழில் இந்த இரண்டையும் காதால் பிரிக்க முடியுமா சொல்லுங்கள். பேச்சில் நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு இரண்டும் ஒன்றுதான், எழுதினால்தான் வித்தியாசமே தெரியும். வழக்கமான கெஞ்சல் என்று நினைத்துப் போனை வைத்துவிட்டேன். இதுவரை நான் சொன்னதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம், எல்லாம் உண்மை.

அக்கா எழுந்து போய், சுவரிலிருந்த தீயணைப்பு உருளையைக் கழற்றி அலமாரியின் கண்ணாடியை உடைத்திருக்கிறார். மேலாளரின் அறையில் அதற்கு ஒரு மாற்றுச் சாவி உண்டு. மேலாளர் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு என் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேள்விக்குத் தப்பாகப் பதில் சொல்லிச் சொல்லி மாணவனின் கதையிலேயே சிக்கிக் கிடந்தார். வார்டில் ஆபத்துக்கென்று வைத்திருக்கும் மருந்துக் குப்பி முந்தைய நாளே வேறொருவருக்குப் போய்விட்டது. புதியதை அலமாரியிலிருந்துதான் எடுக்க வேண்டும். உடைத்த வேகத்தில் உள்ளேயிருந்த பாதிக் குப்பிகள் நொறுங்கிவிட்டன. ரத்தம் ஒழுகும் கையோடு துழாவி, உடையாத ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். உங்கள் அதிகாரிகள் படம் எடுத்தார்களே, தரையில் சிதறிய மருந்தும் ரத்தமும், அது இதுதான்.

டிரைவருக்கு அது பிந்திப்போன மருந்து. ஜன்னலோரப் படுக்கையின் விரிப்பு மதியத்துக்குள் சலவை அறைக்கு வந்துவிட்டது. இயந்திரம் சுற்றும் சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. நான் அப்போது வரைபடத்தைப் பார்த்து அறிக்கைக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். இந்தச் சோதனையின் மூல யோசனை அவருடையது என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன். அடுத்தவர் யோசனையைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை.

மறுநாள் மேலாளர் செய்தியாளர்களைக் கூட்டினார். ஆஸ்பத்திரி ஒரு பெரிய தாக்குதலுக்கு ஆளாகிவிட்டது என்றார். அவர் உண்மையாகவே அப்படித்தான் நம்பினார், பாவம். சின்ன ர இருந்ததே, ஒத்திகையாக எப்படி இருக்கும்? என் வீடியோவையும் அந்தக் கும்பல்தான் திருடி ஓடவிட்டது என்று நினைத்துக்கொண்டார். பிறகு செய்தித் தளங்கள் பிடித்துக்கொண்டன. அதிநவீனத் தாக்குதல், பல மாதத் திட்டம், உள்ளேயிருந்து உதவிய பெண். ஒரு தளம் உலக வரைபடமே போட்டிருந்தது. அதில் ஒரு சிவப்பு அம்புக்குறி சமுத்திரத்தைத் தாண்டி வந்து எங்கள் ஆஸ்பத்திரி மேல் குத்தி நின்றது. அது சலவை அறைக்குப் பக்கத்திலிருந்து வந்தது மேடம். வல்லுநர் ஒருவர் பேட்டியில், இதைச் செய்தவர்கள் மொழியில் தேர்ந்தவர்கள் என்று சொன்னார். அதை மட்டும் வெட்டி வைத்திருக்கிறேன்.

நான் வந்ததற்குக் காரணம் இதுதான். இன்றைய செய்திதான் நாளைக்கு வரலாறு. பத்து வருஷம் கழித்து எவனோ ஒருவன் தன் ‘அன்றும் இன்றும்’ மடலில் எங்கள் கதையை எழுதுவான். அம்புக்குறியை நம்பி எழுதினால் அதிலிருந்து யார் எதைக் கற்றுக்கொள்வார்கள்? பதிவு சரியாக இருக்க வேண்டும். அக்காவும் ஒரு காரணம்தான். முதல் காரணம் அவர் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும், அக்காவுக்குப் பொய் பிடிக்காது. ஆனால் நான் சொல்வதை எழுதிக்கொண்டால் அவரை இதற்கு மேல் இங்கே உட்கார வைக்க உங்களுக்கு எந்த முகாந்திரமும் இல்லை.

அக்கா ஒரு தடவைதான் கூப்பிட்டாரா என்று கேட்கிறீர்கள்.

நல்ல கேள்வி. அவ்வளவு எழுதிய செய்தித் தளங்களில் ஒருவருக்குக்கூட இதைக் கேட்கத் தோன்றவில்லை.

இல்லை. வைத்தவுடனேயே மறுபடியும் கூப்பிட்டார்.

“சார், விளையாட்டு இல்ல. ஜன்னல் பெட் அண்ணனுக்கு வலிப்பு. நிக்கவே மாட்டேங்குது. அலமாரி திறக்கல. சின்ன ர சார். சின்ன ர.”

அவருக்குப் பின்னால் கட்டிலின் இரும்புக் கம்பி அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. அதற்கும் பின்னால் என் குரலே கேட்டது. மாணவனின் மன்னிப்புச் செய்தி கிளம்பும் இடத்துக்குப் பக்கத்தில் வந்திருந்தேன்.

“பதறாதீங்க அக்கா” என்றேன். “இன்னும் கொஞ்சம்தான் இருக்கு. முழுசா பாத்துட்டீங்கன்னா அதுவே திறந்துடும்.”

எல்லாப் பூட்டுகளையும் திறந்துவிட என் திரையிலேயே ஒரு பொத்தான் உண்டு. கையை நீட்டினால் எட்டும். ஆனால் ஒருவருக்கு மட்டும் திறக்க அதில் வழியில்லை, திறந்தால் எல்லோருக்கும் திறந்துவிடும். மொத்த ஆஸ்பத்திரியும் நடுவில் எழுந்து போய்விடும். அப்போது அளவு பாதியில் நின்றுவிடும். அப்படி ஒரு காலை மறுபடியும் வாய்க்காது, எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிடும். டிரைவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. சொல்லப்போனால், அவர் கேட்ட கேள்விக்குத்தான் நான் அப்போது பதில் தேடிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து இதை எல்லாப் பக்கமிருந்தும் யோசித்துப் பார்த்துவிட்டேன். அவசரப்படுத்துகிறவரை நம்பாதே என்பதுதான் நான் கற்றுத்தரும் முதல் பாடம். சின்ன ர என்று அக்கா சொன்னார், சரி. திருடனும் அப்படித்தான் சொல்வான். பெரிய ற என்று எந்தத் திருடனாவது சொல்வானா? என் குரல் அத்தனை அறைகளிலும் அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, நானே அதை மீறினால் எப்படி? அங்கே இருந்தவர்களில் பாடத்தின்படி நடந்துகொண்டது நான் ஒருவன்தான். இதைக் கொஞ்சம் அடக்கமாக எழுதிக்கொள்ளுங்கள், தற்பெருமை மாதிரி இருக்கக் கூடாது.

ஆக, வலிப்பு என்று தெரியும். அலமாரி திறக்கவில்லை என்று தெரியும். பொத்தான் எங்கே இருக்கிறது என்றும் தெரியும். அழுத்தவில்லை. இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினால் போடுகிறேன். பேனா என்னிடம் இருக்கிறது.

அக்காவை உடனே விடச் சொல்லி உங்கள் காவலரிடம் நீங்கள் சைகை காட்டுவது தெரிகிறது. ரொம்ப நல்லது. கையில் கட்டோடு தனியாகப் போக வேண்டாம், யாரையாவது துணைக்கு அனுப்புங்கள். அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம். அன்று மாட்டிய எல்லோரும் வீடியோவை முழுதாகப் பார்த்து முடித்துவிட்டார்கள், மேலாளர்கூட. அக்கா ஒருவர்தான் நடுவில் எழுந்து போய்விட்டார். என் அறிக்கையில் அந்த ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது, பார்க்கும்போதெல்லாம் உறுத்துகிறது. விட்ட இடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, மீதி அதிக நேரம் பிடிக்காது. வீடியோ என் போனிலேயே இருக்கிறது.

“அக்காவை வீட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி, அந்த மீதியை மட்டும் கொஞ்சம் பாத்துட்டுப் போகச் சொல்றீங்களா மேடம்?”